நீதிக்கு நற்சான்று வேண்டுமா?

சிறையில் இருக்கும் ஒருவருக்காக நாம் குரல் கொடுக்கும்போது, பெரும்பாலும் அவரைப் பற்றிய நல்ல செய்திகளையே முதலில் சொல்கிறோம். அவர் படித்தவர், பண்பாளர், குடும்பத்தைத் தாங்குபவர், நாலு பேருக்கு நன்மை செய்தவர் என்று அடுக்குகிறோம். இப்படிப்பட்டவரையா சிறையில் அடைப்பது என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அக்கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அவர் படிக்காதவராக, முரடராக, நமக்குப் பிடிக்காத கருத்துகளைச் சொல்பவராக இருந்தால் அடைத்துவிடலாமா? நீதி என்பது நல்லவர்களுக்கு நாம் வழங்கும் பரிசா? அல்லது மனிதராய்ப் பிறந்த எவருக்கும் நாம் பட்டிருக்கும் கடனா?

இக்கேள்வியை வெறும் ஏட்டுச் சிந்தனையாக விட்டுவிடாமல், ஓர் உண்மை மனிதரின் வாழ்வோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போம். அவர் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் அறிஞர் இமாத் பர்கூத்தி.

ரமல்லா நகருக்கு வடமேற்கே, மலைப்பாங்கான பகுதியில் அமைந்த பெய்த் ரீமா என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் அவர். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1990-களின் தொடக்கத்திலேயே, அங்குள்ள அறிஞர்களோடு இணைந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் புகழ்பெற்ற புவி இயற்பியல் இதழில் வெளிவந்தன. பின்னர் அவர் தம் மண்ணுக்குத் திரும்பினார்; அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் எருசலேமை அடுத்த அபூ தீஸில் உள்ளது. இஸ்ரயேல் எழுப்பிய பிரிவினைச் சுவர், ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தில், அவ்வளாகத்தின் அருகே செல்கிறது.

அவர் ஆராய்ந்த பொருளைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. நம் பூமியின் காற்று மண்டலம் முழுவதும் பூமியிடமே தங்கிவிடுவதில்லை. அதன் ஒரு சிறு பகுதி இடைவிடாது விண்வெளிக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது. வட, தென் முனைகளுக்கு மேலே பூமியின் காந்தப்புலக் கோடுகள் வளைந்து திரும்பாமல் விண்வெளியை நோக்கித் திறந்து செல்கின்றன. அத்திறந்த வழியே ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் ஆகியவற்றின் மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், வெளியேறுகின்றன. 1960-களின் இறுதியில் அறிவியலார் இதற்குத் துருவக் காற்று என்று பெயரிட்டனர். ஹைட்ரஜன் அயனி மிகவும் எடை குறைந்தது. அது தப்பிச் செல்வதில் வியப்பில்லை. ஆனால் அதைப்போல் 16 மடங்கு எடையுள்ள ஆக்சிஜன் அயனி புவியீர்ப்பை எப்படி வெல்கிறது? மின்காந்த அலைகள் எந்த உயரத்தில், எந்த அளவில் அதற்கு ஆற்றல் ஊட்டுகின்றன? இவ்வினாக்களுக்கே பர்கூத்தி தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை அளித்தார். ஐரோப்பாவின் கிளஸ்டர் விண்கலங்கள் அனுப்பிய அளவீடுகளோடு தம் கணக்குகளை ஒப்பிட்டு, சுவீடன் நாட்டு அறிஞர்களோடும் தம் மாணவர்களோடும் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார்.

இது பயனற்ற ஆராய்ச்சி அன்று. ஒரு கோள் தன் காற்றை எவ்வாறு இழக்கிறது, எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பது உயிர்களின் வாழ்வையே தொட்டு நிற்கும் வினா. செவ்வாய்க் கோள் தன் காற்றின் பெரும்பகுதியை விண்வெளிக்குப் பறிகொடுத்ததால்தான் இன்று வறண்டு கிடக்கிறது. 2022 மே மாதத்தில் நார்வேயின் சுவல்பார்டு தீவிலிருந்து ஏவப்பட்ட ஓர் ஆய்வு ராக்கெட், துருவக் காற்றுக்கு உந்துதல் தரும் மின்புலத்தை முதன்முறையாக அளந்தது. அந்த மின்னழுத்தம் 0.55 வோல்ட் மட்டுமே. கைக்கடிகாரத்தில் இருக்கும் மின்கலத்தைவிடக் குறைந்த அந்த ஆற்றல், ஒரு கோளின் காற்றையே மெல்ல மெல்ல மேலே உயர்த்துகிறது. 

அயனிகள் எந்த வாயில் வழியே எவ்வளவு விரைவில் வெளியேறும் என்று கணக்கிட்ட இந்த அறிஞருக்கு, தம் ஊரிலிருந்து அண்டை நாட்டுக்குச் செல்லும் வழி எளிதாகத் திறக்கவில்லை. 2014 டிசம்பரில், ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெறவிருந்த வானியல் கூட்டத்தில் கலந்துகொள்ள அவர் புறப்பட்டார். மேற்குக் கரையில் வாழ்வோர் வெளிநாடு செல்ல வேண்டுமானால் ஜோர்தான் வழியாகத்தான் செல்ல இயலும். அந்த எல்லைக் கடவையில் இஸ்ரயேல் படையினர் அவரைத் தடுத்துக் கைது செய்தனர். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. 2015 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்.

2016 ஏப்ரலில், நபி சாலிஹ் என்னும் ஊரருகே இருந்த சோதனைச் சாவடியில் அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். இம்முறையும் குற்றச்சாட்டு இல்லாத காவலே. உலகின் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான அறிவியலார் அவருடைய விடுதலையைக் கோரிக் கையெழுத்திட்டனர். மே மாத இறுதியில் அந்தக் காவல் முடிந்து அவர் வீடு திரும்பியிருக்க வேண்டும். அதற்குள், அவர் முகநூலில் எழுதியவை வன்முறையைத் தூண்டுகின்றன என்ற குற்றச்சாட்டு படைத்துறை நீதிமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஏழு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவர் வெளியே வந்தார்.

2020 ஜூலையில் மீண்டும் கைது. இம்முறை வரிசை தலைகீழாயிற்று. முதலில் முகநூல் எழுத்துகளுக்காகக் குற்றச்சாட்டு வந்தது. செப்டம்பரில் படைத்துறை நீதிபதி பிணையில் விடலாம் என்று ஆணையிட்டார். உடனே படைத் தலைமை குற்றச்சாட்டு இல்லாத காவலுக்கு ஆணை பிறப்பித்தது. 2021 மே மாதத்தில்தான் அவர் விடுதலை பெற்றார். 

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதலாவதில், குற்றச்சாட்டு இல்லாத காவல் முடியும் வேளையில் குற்றச்சாட்டு வந்தது. இரண்டாவதில், குற்றச்சாட்டின்மேல் விடுதலை கிடைக்கும் வேளையில் குற்றச்சாட்டு இல்லாத காவல் வந்தது. ஒரு கதவு திறந்தால் மற்றொரு கதவு மூடிக்கொள்கிறது. குற்றம் என்ன என்பதை அறிந்து அதற்கேற்பத் தண்டிப்பதே சட்டத்தின் பணி. இங்கோ காவல் முதலில் முடிவாகிறது. அதற்கான வழி பின்னர் தேடப்படுகிறது என்ற ஐயம் எழுவது இயல்பே அன்றோ?

குற்றச்சாட்டு இல்லாத இக்காவலுக்கு நிர்வாகக் காவல் என்று பெயர். மேற்குக் கரையில் நடைமுறையில் உள்ள இஸ்ரயேலின் படைத்துறை ஆணைப்படி, ஒருவரை ஒருமுறைக்கு 6 மாதம் வரை இவ்வாறு அடைத்து வைக்கலாம். அந்த 6 மாதம் முடிந்ததும் மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். எத்தனை முறை நீட்டிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. எந்தச் சான்றின் பேரில் அடைத்திருக்கிறோம் என்பதைக் கைதிக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ காட்ட வேண்டியதில்லை. நீதிபதி மட்டும் அதைப் பார்ப்பார். கைதி எதை மறுப்பது என்று அறியாமலே தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். தண்டனை பெற்ற கைதி நாள்களை எண்ணலாம். இத்தனை நாள் கழிந்தன, இத்தனை நாள் எஞ்சியுள்ளன என்று சுவரில் கோடு போடலாம். நிர்வாகக் காவலில் உள்ளவர் எந்த நாளை நோக்கி எண்ணுவார்? அவருடைய மனைவி பிள்ளைகளிடம் என்ன சொல்வார்?

இச்சட்டத்தின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இதன் வேர் இஸ்ரயேல் என்ற நாடு தோன்றுவதற்கு முன்பே ஊன்றப்பட்டது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரித்தானியர் 1945-இல் கொண்டுவந்த பாதுகாப்பு அவசரகால விதிகளில் இது இருந்தது. அன்று அவ்விதிகள் யூதர்கள் மீதும் பாய்ந்தன. அதற்கு ஓராண்டு முன்பே, 1944 அக்டோபரில், விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த 251 யூதக் கைதிகளைப் பிரித்தானியர் வானூர்தியில் ஏற்றி ஆப்பிரிக்காவின் எரித்திரியாவுக்கு அனுப்பிவிட்டனர். 1946-இல் டெல் அவிவ் நகரில் கூடிய யூத வழக்கறிஞர்கள் அவ்விதிகளைக் கடுமையான சொற்களால் கண்டித்தனர். நாளடைவில் ஆட்சி கைமாறியது. கண்டிக்கப்பட்ட கருவி கைமாறி இன்னொரு மக்கள்மேல் திரும்பியது. அநீதியை அனுபவித்தவர் அநீதியை வெறுப்பார் என்று நாம் நம்புகிறோம். பல வேளைகளில் அவர் வெறுப்பது, தாம் அதற்கு ஆளாவதை மட்டுமே என்று வரலாறு காட்டுகிறது. 

நாமும் இதில் கை கழுவிவிட இயலாது. அதே பிரித்தானிய ஆட்சி இங்கு 1919-இல் ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தபோது நாடே கொதித்தெழுந்தது. விடுதலைக்குப் பின்னர் நாமே எழுதிய அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, விசாரணையின்றித் தடுத்து வைப்பதற்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில் 1982-இல் இயற்றப்பட்ட குண்டர் சட்டத்தின்படி ஒருவரை ஓராண்டு வரை அவ்வாறு அடைக்கலாம். நம் நாட்டில் கைதிக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், அறிவுரைக் குழுமத்தின் முன் முறையிடலாம் என்ற காப்புகள் உண்டு என்பது உண்மை. ஆயினும், குண்டர் சட்டம் பாய்ந்தது என்று நாளேட்டில் படிக்கும்போது, அவன் அதற்குத் தகுந்தவன்தான் என்று எண்ணி நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லையா? தகுந்தவனா என்பதைத் தீர்மானிக்கத்தானே விசாரணை!

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பர்கூத்தியின் விடுதலைக்காகக் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் அறிவியலார். தம் துறையைச் சேர்ந்த ஒருவர், தாம் படித்த கட்டுரைகளை எழுதிய ஒருவர், சிறையில் இருக்கிறார் என்பது அவர்களைத் தொட்டது. இதில் நியாயம் உண்டு. அறிவியல் என்பது தனியொருவர் அறைக்குள் செய்யும் தவம் அன்று. நாடுகளையும் மொழிகளையும் கடந்து நடக்கும் உரையாடல் அது. அந்த உரையாடலில் ஒரு குரல் நின்றுபோனால் மற்றவர்கள் கேட்கத்தான் வேண்டும். பேராசிரியர் சிறைப்படும்போது அவருடைய மாணவர்களின் ஆய்வும் பாதியில் நிற்கிறது.

ஆனால் இந்த நியாயம் நம்மை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். பர்கூத்தி அடைக்கப்பட்டிருந்த அதே சிறையில், அதே நிர்வாகக் காவலில், கட்டடத் தொழிலாளியும் இருந்திருப்பார். ஒலிவத் தோட்டத்தில் பாடுபடும் உழவரும் இருந்திருப்பார். பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞரும் இருந்திருப்பார். அவர்கள் எழுதிய கட்டுரை எந்த இதழிலும் வரவில்லை. அவர்களுக்காகக் கையெழுத்திட அயல்நாட்டில் நண்பர்கள் இல்லை. 2023-க்குப் பின் நிர்வாகக் காவலில் உள்ள பாலஸ்தீனர்களின் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டிச் சென்றது. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பர்கூத்தி கையாண்ட ஆய்வுமுறை ஒன்றை இங்கே நினைவுகூரலாம். மான்டி கார்லோ முறை என்று அதைச் சொல்வர். பல்லாயிரம் துகள்களை ஒவ்வொன்றாகக் கணினியில் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றும் எங்கே மோதுகிறது, எங்கே திரும்புகிறது என்று கணக்கிட்டு, இறுதியில் அவை அனைத்தின் சராசரியைக் காண்பது அம்முறை. அங்கே எந்தத் துகளுக்கும் பெயர் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஓர் ஆக்சிஜன் அயனியை இன்னோர் ஆக்சிஜன் அயனிக்குப் பதிலாக வைக்கலாம். இயற்பியலுக்கு இது போதும். நீதிக்கு இது போதாது. மனிதரைக் கூட்டமாக எண்ணிச் சராசரி கண்டு, இந்த ஊரார், இந்த இனத்தார், இந்த வயதினர் ஆபத்தானவர் என்று முடிவு கட்டும்போது, நீதி செத்துவிடுகிறது. ஒவ்வொருவரையும் அவரவர் பெயர் சொல்லி அழைத்து, நீ செய்தது இது, இதற்கு உன் விடை என்ன என்று கேட்பதே நீதியின் தொடக்கம்.

அப்படியானால், அறிஞருக்காகக் குரல் கொடுப்பது தவறா? இல்லை. அந்தக் குரல் அவரோடு நின்றுவிடுவதுதான் தவறு. இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. சோவியத் நாட்டின் இயற்பியல் அறிஞர் அந்திரேய் சகாரவ், ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களுள் ஒருவர். அரசின் பெருமதிப்பைப் பெற்றவர். பின்னாளில் அவர் மனித உரிமைகளுக்காகப் பேசத் தொடங்கினார். வழக்கு மன்றங்களின் வாயிலில், தமக்கு அறிமுகமில்லாத மனிதர்களுக்காகக் காத்து நின்றார். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட கிரிமியத் தாத்தாரியருக்காக வாதாடினார். 1975-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அதைப் பெற்றுக்கொள்ள அரசு அவரை வெளியே விடவில்லை. ஒஸ்லோவில் அவருடைய மனைவி படித்த அவருடைய உரையில், சிறையில் வாடியவர்களின் பெயர்கள் ஒரு நீண்ட வரிசையாக இடம்பெற்றிருந்தன. உலகமே கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தை, உலகம் கேட்டறியாத பெயர்களுக்கு அவர் பகிர்ந்தளித்தார். 1980 ஜனவரியில் அவரும் விசாரணை ஏதுமின்றிக் கார்க்கி நகருக்கு நாடு கடத்தப்பட்டார். 1986 இறுதிவரை அங்கேயே வைக்கப்பட்டார். புகழ்பெற்றவரின் பெயர் ஒரு வாயில். அதன் வழியே பெயரற்றவர்களையும் உள்ளே அழைத்துவரும்போதுதான் அவ்வாயிலுக்குப் பொருள் உண்டு.

இரண்டாவது தடை இன்னும் கடினமானது. பர்கூத்தி அரசியலில் பட்டும் படாமல் இருந்தவர் அல்லர். ஆக்கிரமிப்பை எதிர்த்தும், பாலஸ்தீனக் கைதிகளுக்காகவும் வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். அவருடைய சொற்கள் வன்முறைக்குத் துணைபோகின்றன என்று இஸ்ரயேல் கூறியது. நம்முள் சிலர் அச்சொற்களை ஏற்கலாம்; சிலர் ஏற்க மறுக்கலாம். ஆயுதம் ஏந்துவோரைப் புகழும் சொல் எதையும் ஏற்க இயலாது என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் கேட்பர்: அவருடைய கருத்தை ஏற்காத நாங்கள் அவருக்காக எப்படிக் குரல் கொடுப்பது?

இங்குத்தான் நாம் இரண்டு செயல்களைப் பிரித்துக் காண வேண்டும். ஒருவரை ஆதரிப்பது வேறு; அவருக்கு நேர்மையான விசாரணை வேண்டும் என்பது வேறு. முதலாவதற்கு அவருடைய கருத்தோடு உடன்பாடு வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையே இல்லை. சொல்லப்போனால், நாம் உடன்படாத ஒருவருக்காக விசாரணை கேட்கும்போதுதான், நாம் கேட்பது நீதியையா அல்லது நம் கட்சியின் வெற்றியையா என்பது வெளிப்படும். ஒருவருடைய எழுத்து குற்றமென்றால், எந்த எழுத்து, எந்தச் சட்டத்தின்படி என்று பலரறியச் சொல்லட்டும். அவர் விடை கூறட்டும். சார்பற்ற நீதிபதி தீர்ப்பளிக்கட்டும். இதைக் கேட்பதற்கு அவர் எழுத்தின் ஒரு வரியைக்கூட நாம் ஏற்றிருக்க வேண்டியதில்லை.

நம் இலக்கியம் இந்த உண்மையை என்றோ நமக்குக் கற்பித்திருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கோவலன் குறையற்றவன் அல்லன். மணந்த மனைவியைப் பிரிந்தான். முன்னோர் ஈட்டிய பொருளை இழந்தான். இளங்கோவடிகள் அதை மறைக்கவில்லை. ஆயினும் மதுரையில் அவனுக்கு நேர்ந்தது அநீதிதான். பொற்கொல்லன் ஒருவன் மறைவில் சொன்ன சொல்லை நம்பி, குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேட்காமலே, பாண்டியன் ஆணையிட்டான். கோவலன் நல்ல கணவனா என்பது அன்று அவையின்முன் இருந்த வினா அன்று. சிலம்பு யாருடையது என்பதே வினா. கண்ணகி வந்து கேட்டதும் அதைத்தான். உண்மை வெளிப்பட்டபோது அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். மறைவான சாட்சியின் பேரில், கேளாமல் வழங்கிய தீர்ப்பு, ஒரு மனிதனை மட்டும் அன்று, ஓர் ஆட்சியையே அழிக்கும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாகப் படித்து வருகிறோம்.

மூன்றாவது தடை அச்சம். அரசு சொல்வது இதுதான்: ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும், சான்றை வெளியே காட்டினால் செய்தி தந்தவரின் உயிருக்குக் கேடு வரும், விசாரணை வரை காத்திருந்தால் பல உயிர்கள் போகும். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பேருந்திலும் கடைத்தெருவிலும் குண்டு வெடித்துப் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் இஸ்ரயேலிலும் உண்டு. 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்பாடுகூட, பாதுகாப்புக்குத் தவிர்க்கவே இயலாத நிலையில் ஒருவரைக் காவலில் வைக்க இடம் தருகிறது. ஆனால் அது விதிவிலக்காகத் தரப்பட்ட இடம். விதிவிலக்கு ஆயிரக்கணக்கானோர்மீது, ஆண்டுக்கணக்கில், அன்றாட வழக்கமாகும்போது அது விதியாகிவிடுகிறது. 2024 நவம்பரில் இஸ்ரயேலின் பாதுகாப்பு அமைச்சர், மேற்குக் கரையில் குடியேறிய யூதர்கள் மீது இனி நிர்வாகக் காவல் ஆணை பிறப்பிப்பதில்லை என்று அறிவித்தார். பாலஸ்தீனர்களுக்கு அது தொடர்ந்தது. ஆபத்தைத் தடுப்பதே நோக்கமெனில், ஆபத்து எந்த இனத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பது ஏன்? ஒரு கருவி தன் மக்கள்மேல் பயன்படுத்தத் தகாதது என்றால், பிறர் மக்கள்மேல் மட்டும் அது எவ்வாறு தகும்?

இதே அளவுகோலை எதிர்ப்பக்கத்திலும் வைக்க நாம் அஞ்சலாகாது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இயக்கத்தினரும் பிறரும் இஸ்ரயேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். 251 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றனர். அவர்களுள் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் செய்த குற்றம் என்ன? அவர்களிடம் யார் விசாரித்தார்கள்? எந்த நாளை நோக்கி அவர்கள் நாள்களை எண்ணினார்கள்? இக்கேள்விகளைக் கேட்க மறுப்பவர், பர்கூத்திக்காகக் கேட்கும் கேள்வியின் வலிமையைத் தாமே குறைத்துக்கொள்கிறார். அவ்வாறே, அந்தப் பிணையாளிகளுக்காகக் கண்ணீர் விட்டவர், விசாரணையின்றி அடைபட்டவர்களையும், அதன்பின் காசாவில் மடிந்த பல்லாயிரம் மக்களையும் கண்டு கண்ணை மூடிக்கொண்டால், அந்தக் கண்ணீர் மனிதருக்காக வடிந்ததா, தம் பக்கத்தாருக்காக மட்டும் வடிந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும்.

இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாரும் குற்றவாளிகளே என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதன்று நம் நோக்கம். ஒரு தரப்பிடம் அரசும் படையும் நீதிமன்றமும் இருக்கின்றன. இன்னொரு தரப்பு அந்தப் படையின் ஆட்சிக்கீழ் 1967 முதல் வாழ்கிறது. மேற்குக் கரையில் ஒரே சாலையில் செல்லும் இருவருள், யூதக் குடியேறியவருக்கு ஒரு சட்டம், பாலஸ்தீனருக்குப் படைத்துறை நீதிமன்றம் என்பது நடைமுறை. இந்த ஏற்றத்தாழ்வை மறந்து பேசுவதும் நீதி ஆகாது. நாம் சொல்ல வருவது இதுவே: அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும், அதைக் கொண்டு அளக்கும்போது எப்பக்கம் எவ்வளவு குறைகிறது என்பது தானே தெரியவரும்.

தொலைவில் இருக்கும் நாம் என்ன செய்ய இயலும் என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. எவரேனும் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வரும்போது, அவர் எத்தகையவர் என்ற கேள்வியை நாம் சற்றே தள்ளி வைப்போம். அதற்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன? அவருக்கு விசாரணை எப்போது? இவ்விரண்டுக்கும் விடை இல்லையெனில், அவர் பேராசிரியரா, பாமரரா, நம்மவரா, அயலாரா என்று தேடிப்பார்க்க வேண்டியதில்லை. விடை இல்லாமையே போதும், நாம் வாய் திறப்பதற்கு.

இக்கேள்விகள் எளியவை, அவற்றைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். ஏனெனில் அவற்றை நாம் பிறர் நாட்டில் மட்டுமன்று, நம் ஊர்க் காவல் நிலையத்திலும் கேட்க வேண்டிவரும். நம் பகைவருக்காகவும் கேட்க வேண்டிவரும். அப்போது நம்மைப் பார்த்து, நீ யாருடைய ஆள் என்று கேட்பார்கள். ஒரு கோளின் காற்றை உயர்த்துவது அரை வோல்ட்டுக்குச் சற்றே மேற்பட்ட மின்னழுத்தம் என்று கண்டோம். அது ஒருநாள் இழுத்துவிட்டு ஓய்வதில்லை. எல்லா முனையிலும், எல்லா நாளும், எல்லா அயனிக்கும் அது ஒன்றுபோல் இருக்கிறது. நம் கேள்விகளும் அவ்வாறு அமையட்டும்: சிறியவை, ஓயாதவை, ஆள் பாராதவை.